சாவி யார் இடுப்பில்?

கிழவர் வேடம் எனக்குக் கைவந்த வேடம். முப்பதைத் தாண்டி நாற்பதைத் தொடாத வயதுதான் எனக்கு. ஆயினும் நெற்றியிலே நாலு கோடு கிழித்து, தலையிலே வெள்ளை மாவைத் தூவி, கையிலே ஒரு தடியையும் கொடுத்து மேடையேற்றிவிட்டால், எழுபது வயதுக்காரனாக மூன்று மணி நேரம் இருமுவேன், தள்ளாடுவேன், மகன் முகம் பார்த்து ஏங்குவேன், மருமகள் சுடுசொல் கேட்டு விம்முவேன். இறுதிக் காட்சியிலே, பெற்ற மகனே என் கையைப் பற்றி இழுத்து வந்து தெருவிலே தள்ளும்போது, ஒரு குரல் கொடுப்பேன். கொட்டகை குலுங்கும். தாய்மார்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்வர். திரை விழும். முதியோர் படும் துயரை முழுவதும் சொல்லி முடித்துவிட்டோம் என்ற பூரிப்போடு அரிதாரத்தைக் கலைப்பேன்.

சொல்லி முடிக்கவில்லை என்பதைப் பொன்மலையிலேதான் அறிந்துகொண்டேன், தோழர்களே!

ஆட்டம் முடிந்து மேடைக்குப் பின்னே தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். எழுபதைக் கடந்த ஓர் அம்மையார், ஒரு கையில் ஊன்றுகோலும், மறு கை ஒரு பள்ளிச் சிறுவனின் தோளிலுமாக வந்து நின்றார். பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து மறைந்த தொழிலாளி ஒருவரின் துணைவியார்.

"தம்பி, நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எம் மவன் அப்படிப்பட்டவன் இல்லே. மாசம் பொறந்தா பணம் அனுப்புறான். வந்துடும்மா, வந்துடும்மான்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான். நான்தான் போகலே."

"ஏனம்மா?"

"அங்கே போனா அவன் வீட்டுலே நான் இருப்பேன். இங்கே இருந்தா என் வீட்டுலே நான் இருப்பேன்."

இடுப்பிலே செருகியிருந்த சாவிக் கொத்தைத் தொட்டுக்கொண்டே சொன்னார். நான் விடவில்லை. "அப்படியானால் உங்களுக்குக் குறைதான் என்னம்மா?" என்று கேட்டேன்.

"வாசப்படி" என்றார்.

ஒரு மழைநாளில் அந்தப் படியிலே வழுக்கி விழுந்தாராம். இடுப்பெலும்பு முறிந்து, படுத்து, எழுந்து, இப்போது ஊன்றுகோல். வீட்டுக்குள்ளே சமைக்கிறார், துவைக்கிறார், ஏடு படிக்கிறார், எல்லாம் செய்கிறார். அந்த ஒரு படியை மட்டும் இறங்க முடியவில்லை. அடுத்த வீட்டுச் சிறுவன் கை கொடுத்தால் கடைக்குப் போவார். சிறுவன் பள்ளிக்குப் போய்விட்டால் மாலை வரையில் உள்ளேதான். அந்தச் சிறுவனின் தோளைப் பற்றிக்கொண்டுதான் என் நாடகத்தைப் பார்க்க வந்திருந்தார்.

மூன்று மணி நேரம் முழங்கிய என் நாடகத்தை ஒரே சொல்லில் முறியடித்துவிட்டார் அந்த அம்மையார். குற்றவாளி மகன் என்றால் வசனம் எழுதலாம், வசை பாடலாம், இறுதிக் காட்சியிலே திருத்தலாம். குற்றவாளி வாசற்படி என்றால் என்ன செய்வது? கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன் நான். கட்டடக்கலை அறியேன். ஆயினும் அன்று தொட்டு, போகுமிடமெல்லாம் படிகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

நீங்களும் எண்ணிப் பாருங்கள். மலைக்கோட்டையிலே 400க்கு மேற்பட்ட படிகள். இளமையிலே அவற்றை ஒரே மூச்சில் ஏறி, உச்சியிலே நின்று காவிரிக் காற்றை வாங்கியவர்கள்தாம், இன்று தம் வீட்டு மூன்று படிகளின் முன்னே திகைத்து நிற்கிறார்கள். அவ்வளவு ஏன்? நம் கழகப் படிப்பகங்கள் எத்தனை, மாடியிலே இருக்கின்றன? செங்குத்தான படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, விளக்கும் எரியாது. "மூத்த தோழர்கள் இப்போதெல்லாம் வருவதேயில்லை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் குறைப்பட்டுக்கொள்கிறோம்! வருவதில்லையா, வரவிடவில்லையா?

முதுமை என்றதும் நம் கண்ணுக்கு இரண்டே இடங்கள்தாம் தென்படுகின்றன. ஒன்று, மகன் வீடு. மற்றொன்று, முதியோர் இல்லம். முன்னதிலே இருப்பவர் பேறு பெற்றவர் என்கிறோம். பின்னதிலே இருப்பவர் கைவிடப்பட்டவர் என்று கண்ணீர் வடிக்கிறோம். பொன்மலை அம்மையார் இரண்டையும் கேட்கவில்லை. தன் கதவு, தன் அடுப்பு, தன் சாவி. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரத்தக்க தொலைவிலே ஒரு துணை. இப்படியொரு வாழ்வைத்தான் கேட்டார். அதற்கு நாட்டிலே ஏற்பாடு உண்டா? பணமுள்ளோர்க்கு உண்டு. பாட்டாளிக்கு இல்லை.

"இது மேல்நாட்டு நாகரிகமய்யா! முதியோரைத் தனியே வைப்பது தமிழர் பண்பாடாகுமா? கூட்டுக் குடும்பமன்றோ நம் குலச் சொத்து!" என்று சீறுவோர் உண்டு. எதிர்முகாமிலே மட்டுமல்ல, நம்மிடையேயும் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். அந்தக் கூட்டுக் குடும்பத்தைத் தாங்கிய தூண் எது? கூலியின்றி, ஓய்வின்றி, விடியுமுன் எழுந்து நள்ளிரவில் படுத்த மருமகள்! அந்தக் குடும்பத்திலே கணவனை இழந்த பாட்டிக்கு எந்த இடம்? அடுக்களை மூலை! அவளுடைய இடுப்புச் சாவி எப்போது பறிபோயிற்று? பெரியவர் கண்ணை மூடிய அன்றைக்கே! சாவி போன பிறகு அவள் கேட்டுத்தான் உண்ண வேண்டும். கேட்டுத்தான் வெளியே போக வேண்டும். அன்புள்ள மகனாகவே இருக்கட்டும், கேட்டுப் பெறுவது கேட்டுப் பெறுவதுதானே? சுயமரியாதை என்ற சொல்லைச் சொல்லித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அறுபது வயதானால் அது கழன்று விழுந்துவிடும் என்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லையே!

மகனோடு மனமொப்பி வாழ்வோர் வாழட்டும். வாழ்த்துகிறேன். வேறு வழியில்லாமையால் வாழ்வோரைப் பற்றியது என் பேச்சு.

கணக்கையும் சிறிது பாருங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலே நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டிலே 10.4. நம்மை முந்தி நின்ற பெரிய மாநிலங்களில் கேரளம் முதன்மையானது, அங்கே 12.6. மக்கள்தொகை வல்லுநர் குழுவின் மதிப்பீட்டின்படி, 2031இல் தமிழ்நாட்டின் அளவு 18 விழுக்காட்டைத் தாண்டும். 2036இல் ஐவரில் ஒருவர் என்ற நிலைக்கு வந்து சேரும். ஏன் இந்த ஏற்றம்? அளவான குடும்பம் என்றோம், தமிழகம் கேட்டது. பெண் படிக்க வேண்டும் என்றோம், படித்தாள். ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையம் கண்டோம், ஆயுள் நீண்டது. பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அவர்கள் பெங்களூருக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போயினர். தமிழ்நாடு தோற்றதால் வந்த நிலையன்று இது, வென்றதால் வந்தது. பிள்ளை பறந்துவிட்டான் என்று பிலாக்கணம் பாடுவதிலே பொருளில்லை. பறக்கட்டும் என்றுதானே படிக்க வைத்தோம்!

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று கூற மாட்டேன். 1962ஆம் ஆண்டிலே, ஆதரவற்ற முதியோர்க்குத் திங்களுக்கு 20 ரூபாய் என்று உதவித்தொகை தொடங்கிற்று சென்னை மாநில அரசு. அன்று ஆண்டவர்கள் காங்கிரசார். அதனால் என்ன? நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு நாணமில்லை. அது படிப்படியாக ஏறி, 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் ஆயிற்று. டில்லியின் பங்கு என்ன தெரியுமா? 2007இல் பெரிய பெயர் சூட்டி விரிவாக்கிய திட்டத்திலே, எண்பது வயதுக்குட்பட்ட முதியவர்க்கு மத்திய அரசு தருவது திங்களுக்கு 200 ரூபாய். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. 2025 வரையில் அந்த இருநூறு, இருநூறாகவே நின்றது. அரிசி விலை நிற்கவில்லை, மருந்து விலை நிற்கவில்லை, வாடகை நிற்கவில்லை. இருநூறு மட்டும் அசோகர் தூண் போல அசையாமல் நின்றது!

சட்டமும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். 2007ஆம் ஆண்டுச் சட்டம். பராமரிக்காத பிள்ளையிடமிருந்து திங்களுக்கு 10,000 ரூபாய் வரையில் பெற்றுத்தர வழி சொல்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. "லாம்" என்பதைக் கவனியுங்கள், "வேண்டும்" இல்லை. அது கிடக்கட்டும். அந்தச் சட்டமும் நம் நாடகத்தைப் போலவே, மகன் வீடு, முதியோர் இல்லம் என்ற இரண்டு காட்சிகளோடு திரையை இறக்கிவிடுகிறது பாருங்கள்! மகனும் நல்லவன், இல்லமும் வேண்டாம், என் வீட்டிலேயே இருக்க வழி செய்யுங்கள் என்று கேட்கும் அம்மையாருக்கு அதிலே ஒரு பிரிவும் இல்லை.

அந்த வழி எப்படியிருக்கும்? தேடிக்கொண்டு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. காவிரிப் பாலத்தைக் கடந்தால் போதும்.

திருவரங்கத்தைப் பக்தி கொண்டு பார்ப்பவர்கள் கோடி. நான் படிகளை எண்ணும் கண் கொண்டு பார்த்தேன். ஏழு சுற்று மதில்கள். உள்சுற்றுகளிலே கோயில். வெளிச் சுற்றுகள் மூன்றிலே ஊர்: உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் வீதி. ஆற்றிடைத் தீவு, மேடு பள்ளமில்லாத சமதரை. தைத் தேர் உத்திர வீதியிலே ஓடும்; சித்திரைத் தேர் சித்திரை வீதியிலே ஓடும். தேர் ஓட வேண்டுமானால் வீதி அகலமாக வேண்டும், நேராக வேண்டும், சமமாக வேண்டும். தேருக்காகப் போட்ட வீதி, தள்ளாடும் காலுக்கும் உதவிற்று! வீடுகளோ சுவரோடு சுவர். வாசலிலே திண்ணை. பொழுது விடிந்து ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லையென்றால், எதிர்த் திண்ணைக்காரர் எழுந்து வந்து தட்டுவார். காய்கறி, மருந்துக்கடை, தபால் நிலையம், பேருந்து நிறுத்தம் எல்லாம் நடை தொலைவு. முதியோர்க்கென்று எவரும் திட்டமிடவில்லை. ஆயினும், ஓய்வு பெற்றோர் நாடெங்குமிருந்து அங்கே வந்து சேர்கிறார்களே, அரங்கன் மட்டுந்தான் காரணமா? அந்த வீதிகளும் காரணம் என்பேன். பக்தர்கள் கோபிக்க வேண்டாம்.

ஆனால் அந்த வீதிகள் யாருக்கு? அங்கேதான் இருக்கிறது வினா. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வாடகையைச் சொல்லுமுன் குலத்தைக் கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றிலே இன்னும் மடியவில்லை. நேரே கேட்க நாணுகிறவர்கள், "நீங்கள் சைவந்தானே?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். திண்ணை வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுகின்றன. ஓய்வுக் காலத்துக்கென்றே கட்டிய குடியிருப்புகள் திருவரங்கத்திலும் கோவையிலும் எழுந்துள்ளன. வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி, மின்தூக்கி, அழைத்தால் மருத்துவர், பொதுச் சமையற்கூடம்! குறை கூற ஏதுமில்லை, நன்றாகவே கட்டுகிறார்கள். விலையைக் கேட்டால்தான் மயக்கம் வருகிறது. டாலரிலே சம்பளம் வாங்கும் மகனைப் பெற்றவர்க்கு அந்தக் கதவு திறக்கும். காந்தி சந்தையிலே நாற்பது ஆண்டு மூட்டை சுமந்தவர்க்கு? உறையூரிலே சுருட்டுச் சுற்றியவர்க்கு? செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டித் தீட்டிக் கண்ணொளி இழந்தவர்க்கு? விடியுமுன் இந்த மாநகரின் தெருக்களைப் பெருக்கிய அந்த அம்மைக்கு? இவர்களுக்கும் முழங்கால் வலிக்கும் தோழர்களே!

(மனைத் தொழில் செய்வோர் நம் கட்சியிலும் உண்டு. அவர்களும் இந்தக் கட்டுரையைப் படிப்பார்கள். படிக்கட்டும்!)

பணமில்லாதவர்க்கு ஊரையே திட்டமிட்டுக் கட்டித் தர முடியுமா என்று கேட்பீர்கள். கட்டியிருக்கிறார்கள்! நம் கண் முன்னேதான் கட்டியிருக்கிறார்கள். 1928ஆம் ஆண்டளவில், தென்னிந்திய ரயில்வே என்ற வெள்ளையர் கம்பெனி, நாகப்பட்டினத்திலிருந்த தன் பணிமனையைப் பொன்மலைக்குக் கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் கை தேவைப்பட்டது. கம்பெனி என்ன செய்தது? வீதி வீதியாக வரைந்து, வரிசை வரிசையாக வீடு கட்டி, மருத்துவமனை, பள்ளி, சந்தை எல்லாம் அமைத்தது. ஈகையினாலா? இல்லை. தொழிலாளி நேரத்துக்கு வர வேண்டும் என்பதனால்! அந்தத் தொழிலாளி உரிமை கேட்டபோது என்ன நடந்தது என்பதும் வரலாற்றிலே இருக்கிறது. 1946 செப்டம்பர் 5ஆம் நாள், பொன்மலையிலே துப்பாக்கி பேசிற்று. ஐந்து தொழிலாளர் மாண்டனர். அறுபதுகளிலே திருவெறும்பூர்ப் பக்கம் பெல் என்னும் கொதிகலன் ஆலை எழுந்தது. அதனோடு கைலாசபுரம் நகரியமும் எழுந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையும் தனக்கெனக் குடியிருப்பு கண்டது. ஆக, திருச்சிராப்பள்ளிக்கு ஊரமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்த ஊர்களிலெல்லாம் ஒரு விதி உண்டு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். உழைக்கும் கைக்கு வீடு; தளர்ந்த கைக்கு வெளிவாசல்! வெளியே வந்தவர் என்ன செய்கிறார்? கைக்கு வந்த பணத்திலே, காட்டூர்ப் பக்கமோ வேறெங்கோ ஒரு மனை வாங்கி, தம் அறுபதாவது வயதிலே முதன்முதலாக ஒரு வீடு கட்டுகிறார். யாருக்காக? முப்பது வயது உடம்புக்காக! வாசலிலே மூன்று படி. குளியலறைக்கு ஒரு நிலைப்படி. பளபளக்கும் வழுவழுப்புத் தரை. வெளியே செங்குத்தாக மாடிப்படி. மாடியை வாடகைக்கு விட்டு, கீழே இருக்கலாம் என்று எண்ணினார். கடன் அழுத்தவே, கீழ்த்தளத்துக்குத்தான் கூடுதல் வாடகை கிடைக்கும் என்று தாம் மாடிக்குப் போனார். பத்தாண்டு கழிந்தது. இன்று அவர் மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தம் சொந்த வீட்டிலே! நான் கண்ட காட்சி இது, ஒருவரிடத்திலல்ல, பலரிடத்திலே.

வாடகை வீட்டு அம்மையார் உள்ளே, சொந்த வீட்டுப் பெரியவர் மேலே. இருவரையும் தெருவுக்குக் கொண்டுவர என்ன வேண்டும்? பொறியாளர் தோழர் ஒருவர் எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். சக்கர நாற்காலி ஏற, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு வேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறையிலேயே அது இருக்கிறது. ஓய்வுக்காலக் குடியிருப்புகள் எப்படி அமைய வேண்டும் என்று 2019இல் மத்திய வீட்டுவசதித் துறை ஒரு மாதிரி நெறிமுறையையே வெளியிட்டிருக்கிறது: வழுக்காத தரை, கைப்பிடி, சரிவுப் பாதை, ஒலியாலும் ஒளியாலும் அறிவிக்கும் மின்தூக்கி, அவசர அழைப்பு. எழுத்திலே எல்லாம் இருக்கிறது. அந்த நெறிமுறை விற்பனைக்குக் கட்டுவோரை நோக்கி எழுதப்பட்டது. வாங்க இயலாதவரை நோக்கி எழுதப்பட வேண்டியது இனிமேல்தான்.

எழுதுவதற்கு முன்மாதிரியும் உண்டு. 1997இல் கலைஞர் ஆட்சியில் பெரியார் நினைவு சமத்துவபுரம் என்ற திட்டம் வந்தது. ஊருக்கு நூறு வீடுகள். ஆதி திராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மற்றவர்க்கு 10. அடுத்தடுத்த வீடுகளிலே கலந்து வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. முதலாவது 1998 ஆகஸ்டிலே, மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையிலே திறக்கப்பட்டது. "இப்படியும் வாழ முடியுமா?" என்று கேலி பேசினோர் உண்டு. வாழ்கிறார்கள். சாதியை மனத்திலே வைத்து ஊர் அமைத்தவர்கள் நடுவே, சாதியை ஒழிக்க ஊர் அமைத்த நாடு இது. முதுமையை மனத்திலே வைத்து ஊர் அமைக்க முடியாதா?

கடலூர் அருகே ஒன்று நடந்தும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போன குடும்பங்களிலே எஞ்சிய முதியவர்களுக்காக, ஹெல்ப்பேஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் தாமரைக்குளம் என்ற முதியோர் சிற்றூரைக் கண்டது. பெருங்கூடத்திலே கட்டில் வரிசை போடவில்லை. சிறு சிறு வீடுகளாகக் கட்டி, ஏறத்தாழ நூறு பேர் இயன்ற வேலைகளைத் தாமே செய்து வாழும்படி அமைத்தார்கள். ஏழை முதியவர்க்கும் தனிக் கதவு வைக்க முடியும் என்று காட்டிய இடம் அது.

கடல் கடந்தும் ஒரு பார்வை பாருங்கள். அமெரிக்காவிலே, அரிசோனா மாநிலத்திலே, 1960 ஜனவரி முதல் நாள் சன் சிட்டி என்ற நகரைத் திறந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர்க்கே வீடு. பள்ளிச் சிறுவர்களுக்கு இடமில்லை. கோல்ஃப் திடல் உண்டு. நீச்சல் குளம் உண்டு. குழந்தைக் குரல் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. பொன்மலை அம்மையாருக்குக் கை கொடுப்பது எட்டு வயதுச் சிறுவனல்லவா? சிங்கப்பூர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். உட்லண்ட்ஸ் பகுதியிலே, கம்போங் அட்மிரல்டி என்று 2018இல் திறந்தார்கள். கம்போங் என்றால் மலாய் மொழியிலே சிற்றூர். மலேசியத் தமிழர் அதைக் "கம்பம்" என்று நம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். அரசின் வீட்டுவசதிக் கழகம் கட்டிய அந்த ஒரே கட்டடத்திலே, முதியோர்க்கு 104 சிறு வீடுகள், கீழே சோற்றுக்கடைகள், இடையே மருத்துவ நிலையம், முதியோர் கூடும் மன்றமும் மழலையர் காப்பகமும் அருகருகே. ரயில் நிலையமோ அடுத்த வாசல். பாட்டி வீட்டைவிட்டு இறங்கினால் சோறும் மருந்தும் பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளும் ஒரே இடத்திலே. திருவரங்கத்து வீதியை நிமிர்த்தி நிறுத்தியது போல் இல்லையா?

இங்கேயும் தொடக்கம் உண்டு. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. 2025 ஆகஸ்டிலே, எழுபது வயதைக் கடந்தோர் வீட்டுக்கே ரேசன் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் திட்டம் வந்தது. தாயுமானவர் என்று பெயர். மலைக்கோட்டைக் கதை உங்களுக்குத் தெரியும். காவிரியிலே வெள்ளம், அக்கரையிலே தாய் தவிக்கிறாள், இக்கரையிலே மகளுக்குப் பேறுகாலம், தாயின் உருவிலே வந்து துணை நின்றவர் தாயுமானவர் என்பது கதை. கதையை நம்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதை சொன்னவனுக்கு ஊரின் இடர் தெரிந்திருக்கிறது. நடுவே ஆறு, உறவு அக்கரையிலே, உதவி இக்கரையிலேயே இருக்க வேண்டும். காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022-23இல் மூடியபோது, திருவரங்கத்திலிருந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் பேருந்திலே போன பெரியவர்கள் சுற்றி வளைத்துப் போனார்களே, அவர்களைக் கேளுங்கள்.

2025 நவம்பரிலே 25 அன்புச்சோலைகள் தொடங்கப்பட்டன. தொடக்க விழா நடந்ததும் நம் திருச்சிராப்பள்ளியிலேதான். பகற்பொழுதிலே முதியோர் கூடி, உண்டு, உரையாடி, மாலையிலே வீடு திரும்பலாம். நல்ல ஏற்பாடு. வீடு திரும்பலாம் என்றேனே, எந்த வீட்டுக்கு? மூன்று படி வீட்டுக்கு! பகலுக்குச் சோலை கிடைத்தது. இரவுக்கு வாசற்படி அங்கேயே நிற்கிறது. சோலைக்கு அருகிலேயே வீடும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எப்படிப்பட்ட வீடு? ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரத்திலே, காற்றோட்டமான இடம் என்று சொல்லி மலிவு நிலத்திலே கொண்டுபோய்க் கட்ட வேண்டாம். காற்று மட்டுந்தான் அங்கே வரும், பேருந்து வராது. சந்தை, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் நடை தொலைவிலே இருக்கும் வட்டங்களிலே, முப்பதோ நாற்பதோ சிறு வீடுகள். ஓர் அறை, ஓர் அடுக்களை, உள்ளேயே கழிப்பறை, வாசலிலே திண்ணை. திண்ணையை மறந்துவிடாதீர்கள், அதுதான் காவல். சமைக்க இயலாத நாளிலே உண்ணப் பொதுச் சமையற்கூடம். 1983 முதல் உதவித்தொகை பெறும் முதியோர்க்கும் சத்துணவு மையத்திலே சோறு உண்டு என்று ஏற்பாடு செய்த நாட்டுக்கு அது புதிதல்ல. இரவிலே ஒரு செவிலியர். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஓர் அழைப்பு மணி. சமத்துவபுரம் போலவே எல்லாச் சாதியாரும் கலந்து. வாடகை, வருவாய்க்கேற்றபடி. சாவி, அவர்கள் கையிலே. அரசு கட்டும் அடுக்குமாடிகளிலெல்லாம் கீழ்த்தளம் முழுவதும் முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று ஓர் ஆணை பிறந்தால், பாதி வேலை செங்கல் இல்லாமலே முடியும்.

நிலம் எங்கே என்பார்கள். பொன்மலையிலே பாருங்கள் என்பேன். பழைய ரயில்வே குடியிருப்புகள் பல பாழடைந்தன, இடிக்கப்பட்டன. அந்த நிலம் டில்லியின் கையிலே இருக்கிறது. கை தேவைப்பட்டபோது ஒரு நகரையே கட்டினீர்களே, அந்தக் கைகள் தளர்ந்த பிறகு ஒரே ஒரு தெருவைக் கொடுங்கள் என்று கேட்க நம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வாயில்லையா? மாநகராட்சிக்கு நிலமில்லையா? கேட்க வேண்டியவர்கள் நாம் கேட்டோமா? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதியோர் பிரச்சினை என்றால் எனக்கு ஒரு வேடம் கிடைத்தது. உங்களுக்கு ஒரு கைத்தட்டல் கிடைத்தது. அதோடு வீட்டுக்குப் போனோம்.

ஆகவே வட்டச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதத்துக்குள், உங்கள் வட்டத்திலே தனியாகவோ இணையோடோ வாழும் அறுபதைக் கடந்தோர் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று எழுதுங்கள். கட்சி கேட்காதீர்கள், சாதி கேட்காதீர்கள். வாசலில் எத்தனை படி, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, கைப்பிடி உண்டா, இரவிலே கூப்பிட்டால் வருவது யார் என்று கேளுங்கள். தேர்தல் நேரத்திலே, படுக்கையிலே இருக்கும் பாட்டியின் வாக்கு எந்தச் சந்திலே இருக்கிறது என்று நமக்குத் துல்லியமாகத் தெரிகிறதல்லவா? அந்தத் திறமையைத்தான் கேட்கிறேன். கணக்கோடு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள்; மாமன்ற உறுப்பினர் நம்மவராக இருந்தாலும் எழுந்து கேளுங்கள். நம்மவராக இருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்.

என் நாடகத்தின் இறுதிக் காட்சியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மகன் தள்ளுவதில்லை. கிழவருக்குப் பதிலாக ஒரு மூதாட்டி, வாசலிலே நிற்கிறாள், இடுப்பிலே சாவி. மேற்கொண்டு என்ன நடக்கும் என்பது எனக்கே இன்னும் தெரியவில்லை.

சென்ற கிழமை, அளக்கும் நாடாவோடு அந்த அம்மையார் வீட்டுக்குப் போய் வந்தேன். படியின் உயரம் 9 அங்குலம். பொறியாளர் தோழரின் கணக்குப்படி சரிவுக்கு ஒன்பதடி நீளம் வேண்டும். வாசலிலிருந்து சாக்கடை வரையில் இருப்பது நாலடிதான். சரிவைப் பக்கவாட்டில் சுவரோரமாக வளைத்துக் கொண்டுபோகலாமா என்று அவரையே கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். இந்த ஞாயிறு மாலை மூவரும் போய்ப் பார்க்கிறோம்.